ஓடாத வண்டிக்கும் வயசாகும்

கார் வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் "என்ஜின் ஆயில் எப்போ மாத்துனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன பிராண்டு, எவ்வளவு ஆச்சு என்று டாண் டாணென்று பதில் வரும். அதே ஆளிடம் "பிரேக் ஆயில்?" என்று கேளுங்கள். ஒரு சின்ன மௌனம். அப்புறம், "அது குறையவே இல்லையே?" என்பார்.

குறையவில்லைதான். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாமக்கல் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்குப்பதிவியல் எடுத்தவர். (பி.காம். மக்களே, ப்ளஸ் டூவில் பற்று, வரவு, ஐந்தொகை என்று உங்களைப் படுத்தியெடுத்தார்களே, அந்த வகையறா.) வீட்டில் ஏழு வயசான ஒரு சின்னக் கார். ஓடியது வெறும் 23,000 கிலோமீட்டர். கோயில், காய்கறிச் சந்தை, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அதன் உலகம். மற்ற நேரமெல்லாம் கவர் போட்டு மூடி வைத்திருப்பார். கவரை எடுத்தால் கார் இன்னமும் ஷோரூமிலிருந்து இறக்கியது போல இருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஆடி 18க்குச் சென்னையிலிருந்து மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாருமாகக் கொல்லிமலை போய் அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டு, முடிந்தால் ஆகாய கங்கையில் குளித்துவிட்டு வருவது என்று திட்டம். மலை ஏறுவதற்கு முன்னால் எதற்கும் ஒருமுறை வண்டியைக் காட்டிவிடுவோம் என்று வழக்கமான மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனார்.

அந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயசிருக்கும். சின்ன வயசில் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். நாமக்கல்லில் இது பெரிய அதிசயமில்லை, தடுக்கி விழுந்தால் லாரிப் பட்டறைதான். பானெட்டைத் திறந்தவர் என்ஜினைப் பார்க்கவில்லை. நேராக மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டேங்கைப் பார்த்தார்.

"சார், பிரேக் ஆயில் எப்பங்க மாத்துனது?"

"அதெதுக்குத் தம்பி மாத்தணும்? மேக்ஸிமம் கோட்டுல நிக்குது பாரு."

"நிக்குதுங்க சார். நெறத்தைப் பாருங்க."

புதிய பிரேக் ஆயில் லேசான தேன் நிறத்தில், கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருக்கும். இது டீக்கடை டிகாஷன் மாதிரி இருந்தது. (நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. தெளிவாகத் தெரியும் ஆயிலும் கெட்டிருக்கலாம். ஆனால் டிகாஷனைப் பார்த்தபிறகு நல்லது என்று சொல்ல யாராலும் முடியாது.)

"வண்டியே ஓடலையேப்பா. இருவத்தி மூணாயிரம்தான் ஆகுது."

"ஓடுனா என்ன, ஓடாட்டி என்னங்க சார். இது நாள் கணக்குல கெடறது. கவர் போட்டுத் தூங்க வச்சாலும் கெட்டுப் போவும்."

வாத்தியார் ஒரு நிமிஷம் யோசித்தாராம். பிறகு சிரித்துவிட்டாராம். காரணம், இதை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர்தான். தேய்மானம். ஒரு சொத்துக்குத் தேய்மானத்தை உழைப்பை வைத்தும் கணக்கிடலாம், காலத்தை வைத்தும் கணக்கிடலாம். என்ஜின் ஆயிலும் டயர் பட்டனும் பெரும்பாலும் ஓடிய கிலோமீட்டரில் தேய்கின்றன. பிரேக் ஆயில் நேர்கோட்டு முறை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மார்ச் 31 வந்தால் அந்த வருஷத்துக்குரியதைப் பற்று எழுதியாக வேண்டும். "கம்மியா ஓடுன வண்டி சார்" என்று செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் கூடுதல் விலை சொல்கிறார்களே, அங்கே யாரும் வாயைத் திறக்காத சமாச்சாரம் இது.

ஏன் நாள் கணக்கு? பிரேக் ஆயில் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் அது ஆயிலே கிடையாது. கிளைகால் வகை ரசாயனம். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் இருக்கும் ஈரத்தை டேங்க் மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் என்ன ஆகும்? அதே கதைதான், ரொம்ப நிதானமாக.

தண்ணீர் கலந்தால் இரண்டு கெடுதல். ஒன்று, உள்ளே துருப்பிடிக்கும். இன்னொன்று, கொதிநிலை இறங்கும். கடையில் விற்கும் பாட்டிலில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. இது பாட்டிலைத் திறந்த அன்றைய கணக்கு. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய நிலைக்குத் தனிக் கணக்கு உண்டு. டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபது டிகிரிக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

"சரி, 155 டிகிரிகூட அதிகம்தானே, டவுனுக்குள்ள ஓட்டுற வண்டிக்கு என்ன?" என்று கேட்கலாம். டவுனுக்குள் ஓட்டினால் ஒன்றுமே தெரியாதுதான். வாத்தியாரின் காரிலும் ஏழு வருஷமாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் ஏறிய ஒரு சின்னக் கார் சுமார் 1,400 கிலோ இருக்கும். அது 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் சேர்த்து வைத்த சக்தி முழுக்க வெப்பமாக மாறினால் சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு பெரிய கேன் தண்ணீர்! கொஞ்சத்தை என்ஜினும் காற்றும் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டுக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற புண்ணியவான்கள் ஏறக்குறைய மொத்தத்தையும் நாலு சக்கரத்தில் இறக்கி வைக்கிறார்கள்.

டிஸ்க் சூடாகி, பேட் சூடாகி, காலிப்பர் சூடாகி, அதற்குள் இருக்கும் ஆயிலுக்கு அந்தச் சூடு ஏறுகிறது. ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழி விடுகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஹைட்ராலிக் பிரேக்கின் மொத்த ரகசியமும் அதில்தான் இருக்கிறது. காலால் மிதிக்கிற அழுத்தம் திரவம் வழியாக அப்படியே சக்கரத்துக்குப் போக வேண்டும். நடுவில் குமிழி இருந்தால் மிதித்ததெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இதில் இன்னும் மோசமான ஒரு விஷயம் இருக்கிறது. அரைமணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்துவிட்டு "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார். தடயமே இருக்காது. கடைசியில் "டிரைவர் பயந்துட்டார்" என்று பழி டிரைவர் தலையில் விழும்.

"ஏபிஎஸ் இருக்கே தம்பி, அது பாத்துக்காதா?" என்பது வாத்தியாரின் அடுத்த கேள்வி. நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரின் பின்னால் ஏபிஎஸ் என்று ஸ்டிக்கர் இருந்தால் பிரேக் கூடுதல் வலுவானது என்று அர்த்தமில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. சறுக்குகிற சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. எனவே பூட்டப்போகிற சக்கரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்து, திரும்ப ஏற்றி, திரும்பக் குறைத்து, ஒரு செகண்டில் பலமுறை இதைச் செய்கிறது. முதலில் விமானத்துக்காக வந்த யோசனை இது. 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் இயந்திர முறையில் வந்தது. எலக்ட்ரானிக் வடிவத்தில் 1978-ல் பாஷ் கம்பெனி மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்குக் கொடுத்தது. பணக்காரர் சமாச்சாரமாக இருந்தது மெதுவாக இறங்கி இறங்கி, இந்தியாவில் 2019-ல் சின்னக் கார்கள் வரை கட்டாயமாகிவிட்டது.

அதெல்லாம் சரி. ஆனால் ஏபிஎஸ் விளையாடுவதும் அதே ஆயிலை வைத்துத்தான். ஆயில் கொதித்து அழுத்தமே வராதபோது அது எதைக் குறைக்கும், எதை ஏற்றும்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஏபிஎஸ் வந்தபிறகு பழைய ஆயில் கெடுக்கக்கூடிய சாமான் விலை எகிறிவிட்டது. மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் ஓர் அலுமினியக் கட்டி, மெக்கானிக் பாஷையில் ஏபிஎஸ் பிளாக். அதற்குள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வால்வு, மொத்தம் எட்டு. ஆயில் உள்ளே போகும் வால்வு சாதாரணமாகத் திறந்தே இருக்கும். வெளியேறும் வால்வு மூடியே இருக்கும். அதற்கப்பால் ஒரு குட்டி அறை, ஒரு மோட்டார், ஒரு பம்ப். ஏபிஎஸ் வேலை செய்யும்போது காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறுகிறதே, அது இந்த வால்வும் பம்பும் போடும் ஆட்டம். (அப்போது பயந்து காலை எடுத்துவிடக்கூடாது. அழுத்தி மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.) இந்த நுணுக்கமான துவாரங்களுக்குள் துருவும் வண்டலும் போனால் வால்வு சிக்கிக்கொள்ளும். புது பிளாக் மாற்ற பல்லாயிரம் ரூபாய். பிரேக் ஆயில் பாட்டில் சில நூறு ரூபாய். கொடுபட வேண்டிய செலவைக் கணக்கில் காட்டாமல் விட்டால் லாபம் அதிகமாகத் தெரியும் என்று வாத்தியாருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஏழு வருஷமாக அவருடைய காரின் லாபநட்டக் கணக்கு அப்படித்தான் அழகாக இருந்திருக்கிறது.

"சரி மாத்திரு" என்றார்.

பிரேக் ஆயில் மாற்றுவது என்றால் டேங்கில் உள்ளதை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவது என்று சிலர் நினைக்கிறார்கள். டேங்கில் இருப்பது கொஞ்சம்தான். சூடேறுகிற இடத்தில், அதாவது காலிப்பரில் இருப்பது பழசாகவே இருந்தால் என்ன பிரயோஜனம்? நாலு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பழசை வெளியே தள்ள வேண்டும். "ஏர் எடுக்கிறது" என்று கடைகளில் சொல்வது இதைத்தான்.

வேலை பார்க்க எளிமையானது. உள்ளே உட்கார்ந்து மிதிக்க ஒரு ஆள், சக்கரத்தடியில் ஸ்பானரோடு ஒரு ஆள். அன்றைக்குக் கடைப்பையன் வெளியூர் போயிருந்ததால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் டேங்கைக் கவனித்துக்கொள்ள, பக்கத்துப் பங்க்சர் கடைக்காரர் மிதிக்க உட்கார்ந்தார்.

"மிதி, மிதி, மிதி... பிடி!"

"பிடிச்சிருக்கேன்!"

நிப்பிளைத் திறந்ததும் கறுப்பாகப் பீய்ச்சும், பெடல் கீழே போகும். நிப்பிளை மூடியபிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நிப்பிளில் மாட்டிய டியூபின் நுனி பாட்டிலுக்குள் ஆயிலில் முங்கியே இருக்க வேண்டும். புது நிறம் வரும்வரை, குமிழி நிற்கும்வரை திரும்பத் திரும்ப.

பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார் மெக்கானிக். இதை நிறையப் பேர் செய்வதில்லை. தினமும் பிரேக் பிடிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வரும். மீதிப் பாதியில் வருஷக்கணக்காகத் துரு உட்கார்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் பிஸ்டனின் ரப்பர் சீல் அந்தத் துருமேல் உரசிக் கிழியும். பிரேக்கைச் சரிபண்ணப் போய் மாஸ்டர் சிலிண்டர் போகும். கட்டை வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எந்தச் சக்கரம் முதலில் என்பதற்கும் வழக்கம் உண்டு. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமானது முதலில். நம்ம ஊர் வலதுகை ஸ்டியரிங் வண்டியில் பொதுவாகப் பின்னால் இடது, பின்னால் வலது, முன்னால் இடது, முன்னால் வலது. பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்த கார்களில் சில கம்பெனிகள் வேறு வரிசை சொல்கின்றன. கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

பின் சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. முன் இடதில் கைவைத்திருக்கும்போது புதுப்பையனுக்கு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது டேங்கின் அடி தெரிந்தது. சட்டென்று பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து மெக்கானிக் மிதித்துப் பார்த்தார். பெடல் சுமாராக இருந்தது. பழையதைவிடக் கொஞ்சம் கீழே போகிற மாதிரி. மறுபடி ஒரு சுற்று ஏர் எடுத்தார். தேவலாம் என்று தோன்றியது. கடைக்குப் பின்னாலிருந்த மண் காலியிடத்தில் தனியாக எடுத்துப்போய் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு அழுத்து அழுத்தினார். மண்ணில் சக்கரம் பூட்டப் பார்க்க, ஏபிஎஸ் கடகடத்தது. வண்டி நின்றது. அடுத்த தடவை மிதித்தபோது பெடல் பாதிக்குக் கீழே போனது.

இறங்கி வந்தவர் பையனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"டேங்கு காலியாச்சாடா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாங்கண்ணா. உடனே ஊத்திட்டேன்."

நாலு பேருக்கு முன்னால் பளாரென்று ஒன்று விழும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். "இதை அப்பவே சொல்லியிருந்தீன்னா அரைமணி நேர வேலை. இப்ப ஒரு நாள் போச்சு. இனிமே எது நடந்தாலும் வாயத் தொறந்து சொல்லு" என்பதோடு விட்டுவிட்டார். லாரிப் பட்டறையில் நிறைய வாங்கியவர் போலிருக்கிறது.

நடந்தது இதுதான். டேங்க் காலியானதால் லைனுக்குள் காற்று போனது. சாதாரணமாக ஏர் எடுத்ததில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது, கொஞ்சம் தங்கிவிட்டது. மண்ணில் ஏபிஎஸ் வேலை செய்தபோது அந்த மூடிய வால்வுகள் திறந்து, குமிழி கலந்த ஆயில் பிளாக்குக்குள் இருக்கும் குட்டி அறைக்கும் பம்புக்கும் போய்விட்டது. ஏபிஎஸ் நின்றதும் வால்வு மூடிக்கொண்டது. இனி வெளியிலிருந்து எத்தனை பாட்டில் ஊற்றி மிதித்தாலும் அந்த அறையிலிருக்கும் காற்று அசையாது, கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் இந்தத் தொல்லையே கிடையாது, எவ்வளவு காற்று போனாலும் மிதித்து மிதித்தே எடுத்துவிடலாம்.

கதவைத் திறக்க ஸ்கேனர் வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, ஏபிஎஸ் பிளீடிங் என்ற கட்டளை கொடுத்தால் அது வால்வுகளைத் திறந்து மோட்டாரை ஓட்டும். உள்ளே மாட்டிய காற்று லைனுக்கு வரும். பிறகு வழக்கம்போல மிதித்து எடுக்கலாம். விலை குறைந்த கோடு ரீடர்களில் இந்த வசதி இருக்காது. மெக்கானிக்கிடம் இருந்ததும் அந்த ரகம்தான்.

ஸ்கேனர் இல்லாமலும் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஜல்லி ரோட்டில் நாலைந்து தடவை வேண்டுமென்றே ஏபிஎஸ்ஸை வேலை செய்யவைத்து, கடைக்கு வந்து மறுபடி ஏர் எடுப்பது. சில சமயம் பலிக்கும். பலித்ததா என்று உறுதியாகச் சொல்ல வழி கிடையாது. அதுவும் பெடல் பாதிக்குக் கீழே போகிற வண்டியை ரோட்டில் இறக்குவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாத்தியாருக்கு அவசரம். நாளைக் காலையில் மகள் வருகிறாள். "இப்ப நிக்குதுல்ல தம்பி? திரும்பி வந்து பாத்துக்கலாமா?"

மெக்கானிக் சரி என்று சொல்லியிருக்கலாம். வண்டி சமதரையில் நிற்கத்தான் செய்தது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாங்க சார். இது எங்க கடைத் தப்பு. ஸ்கேனர் வச்சிருக்கிற பையன் ஒருத்தன் சேலத்துல இருக்கான், அவனைக் கூட்டியாறேன். செலவு என்னுது. மலைக்கு வேணா வேற வண்டி பேசி வுடறேன்."

வாத்தியாருக்குக் கோபம். சும்மா இருந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்புவதென்றால் யாருக்குத்தான் வராது? கவர் போட்ட காரில் பிரேக் நன்றாகத்தானே இருந்தது, இவன் கைவைத்துத்தானே கெட்டது என்று வீட்டில் சொல்லித் தீர்த்தாராம். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பழைய ஆயிலோடு அறுபத்தெட்டாவது வளைவில் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு கிடையாது. நடக்காத நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

மறுநாள் மதியம் சேலத்துப் பையன் வந்தான். பார்த்தால் காலேஜ் பையன் மாதிரி இருந்தான். சாக்கெட்டில் செருகித் திரையைத் தட்டியதும் பானெட்டுக்குள் "ர்ர்ர்" என்று மோட்டார் ஓடியது. ஒவ்வொரு சக்கரமாக, திரையில் சொல்கிற நேரத்தில் மிதித்து, சொல்கிற நேரத்தில் நிப்பிளைத் திறக்க வேண்டும். முன் வலதில் டியூபுக்குள் சோடா மாதிரிக் குமிழி வந்தது. இந்தத் தடவை டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றதும் அதே புதுப்பையன்தான். போனை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றானாம். அப்புறம் ஒரு முழுச் சுற்று சாதாரணமாக ஏர் எடுத்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது.

குடும்பம் ஒரு நாள் தாமதமாக அதே காரில் மலைக்குப் போய்வந்தது. இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக் விட்டு விட்டு. அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் என்பதைத் தவிரச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

பில்லில் பிரேக் ஆயிலுக்கும் கூலிக்கும் மட்டும்தான் காசு. ஸ்கேனர் செலவு போடவில்லை. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுப் பாதியையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லியும் மெக்கானிக் வாங்கவில்லை. டேங்க் மூடிமேல் மார்க்கர் பேனாவால் மாதமும் வருஷமும் எழுதிக்கொடுத்தார். பல கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஈரம் அதிகமான கடலோர ஊர்க்காரர்கள் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

விட்டுப்போன சில விஷயங்கள். கார் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வெறும் ஆயில் மாற்றத்துக்கு, டேங்க் காலியாகாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் தேவைப்படாது. பிளாக்கையோ மாஸ்டர் சிலிண்டரையோ மாற்றினால், அல்லது டேங்க் வறண்டால்தான் அந்த வேலை. ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் பிரேக் அமைப்பே வேறு, அதில் சாதாரண ஆயில் மாற்றத்துக்கே ஸ்கேனர் வேண்டியிருக்கும்.

டேங்கில் ஆயில் குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. பேட்டைப் பார்க்க வேண்டும், கசிவைப் பார்க்க வேண்டும். புது பேட் போடும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அப்போது நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலிப்பரின் அடியில் படிந்த வண்டல் எல்லாம் நேரே ஏபிஎஸ் பிளாக்குக்குத்தான் திரும்பிப் போகும்.

அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மொத்த அமைப்பையும் மாற்ற வேண்டி வரும். திறந்து வைத்த அரைப் பாட்டில் ஆயிலும் வேண்டாம், அது அலமாரியில் இருந்தபடியே ஈரம் குடித்திருக்கும். பெயின்ட் மேல் சிந்தினால் உரிந்து வந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. பல நேரம் சக்கரத்தில் உள்ள சென்சாரில் சேறு படிந்திருக்கும், அவ்வளவுதான். அதனுடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

கார் இல்லை, பைக்தான் என்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் உண்டு. வலது ஹேண்டில் பாரில் பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி டேங்க், பெரும்பாலான வண்டிகளில் அதன் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி. நாளைக்கு காலேஜ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போது அதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், தேன் நிறமா டிகாஷனா என்று.